யாரு தூங்கறது?

காரில் வெளியூர் போக நம்மவர்கள் திட்டம் போடுவதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் பாட்டு. என்னென்ன பாட்டு, யாருடைய மொபைலிலிருந்து. அடுத்தது தீனி. மூன்றாவது, எல்லாரும் ஒரே கலரில் டீ-ஷர்ட் போடுவதா, வேண்டாமா. நாலாவதாக, டீ பிரேக் முடிவதற்குள் நேரம் மிச்சமிருந்தால், வழி.

எங்கள் ஆபீஸில் ஒரு மாதமாக இந்தத் திட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களோடு குப்பை கொட்டிவிட்டு மும்பை கிளைக்கு மாற்றலாகிப் போன நண்பனுக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம். இடம் மாட்டுங்கா. மாட்டுங்கா என்பது மும்பைக்குள் தவறிப்போய் மாட்டிக்கொண்ட மாம்பலம். ஆகவே கல்யாணச் சாப்பாட்டில் ரசம் நிச்சயம் உண்டு என்று அனைவரும் நம்புகிறோம்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். பார்த்தோம். வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் எங்கள் ஆபீஸின் மொத்த ஊழியர் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தது. "என் கார்லயே போயிடலாம்பா" என்றார் பர்ச்சேஸ். அந்த நிமிஷத்திலிருந்து ஆபீஸில் வேலை நின்றுபோனது.

(பெயர்கள் வேண்டாம். எல்லாரும் இந்தப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிப்பவர்கள். செக்‌ஷன் பெயரே போதும்.)

பர்ச்சேஸ் கார் வைத்திருப்பவர். கார் அவருடையதா, கடன் கொடுத்த பாங்க்குடையதா என்று தெளிவாவதற்கு இன்னும் ஐம்பத்தோரு தவணை பாக்கி. அக்கவுண்ட்ஸுக்கு டிரைவிங் தெரியாது, கணக்கு தெரியும். ஐ.டி. பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதை அவன் பயன்படுத்தியது ஒரு தடவை மகாபலிபுரம் வரை, இன்னொரு தடவை சிம் கார்டு வாங்க. நாலாவது ஆள் நான். லைசென்ஸும் உண்டு, ஓட்டவும் தெரியும், ஆனால் பர்ச்சேஸ் தன் காரை என்னிடம் கொடுப்பாரா என்பதுதான் தெரியாது.

வழியில் சிக்கலே இல்லை. சென்னையிலிருந்து மும்பை வரைக்கும் ஒரே நெடுஞ்சாலை, என்.எச். 48. பழைய ஆட்கள் இன்னமும் 'நாலாம் நம்பர் ரோடு' என்பார்கள். 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது நாலு, நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்க 1999-ல் வாஜ்பாய் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரத்தில் (மொத்தம் 5,846 கிலோமீட்டர்) இது ஒரு பக்கம். சென்னையிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 345 கிலோமீட்டர். அங்கிருந்து துமகூரு, சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா என்று தாண்டி புனே 840. புனேயிலிருந்து மும்பை 150. கூட்டிப் பார்த்தால் 1,335. இரண்டு மாநில எல்லை. மூன்று மொழிகளில் "பஞ்சர் கடை எங்கே?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். மூன்று மாநிலத்திலும் பதில் சொல்பவர் மலையாளியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஐ.டி. பையன் ஒரு மேப் தயாரித்தான். அழகான மேப். அதில் ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பெயர்கள். ஆற்காடு என்ற இடத்தில் மக்கன் பேடா. ஆம்பூரில் பிரியாணி. துமகூரு பக்கத்தில் கியாத்சந்திரா என்றொரு ஊர், அங்கே தட்டு இட்லி. (தட்டில் வைத்துக் கொடுப்பதால் அல்ல, தட்டு சைஸில் இருப்பதால்.) தாவணகெரேயில் பெண்ணெ தோசை. கன்னடத்தில் பெண்ணெ என்றால் வெண்ணெய். தார்வாடில் பேடா, பெல்காமில் குந்தா, கோலாப்பூரில் தாம்படா ரஸ்ஸா, பாண்டரா ரஸ்ஸா என்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு குழம்பு. சதாராவில் மறுபடி பேடா. லோணாவளாவில் கடலை மிட்டாய். அங்கே சிக்கி என்பார்கள்.

"இத்தனையும் சாப்பிட்டுட்டுப் போனா கல்யாணத்துல என்னத்தைச் சாப்பிடறது?" என்று கேட்டேன்.

"ரசம்" என்றான்.

அக்கவுண்ட்ஸ் தயாரித்தது வேறு மாதிரி மேப். அவருக்கு ஊர் தெரியாது, லீவு தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார்: "வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறரைக்கு ஆபீஸ்லேர்ந்தே கிளம்பறோம். ராத்திரி முழுக்க ஓட்டறோம். இருபத்திநாலு மணி நேரம் போட்டுக்குங்க. சனிக்கிழமை ஆறரைக்கு மாட்டுங்கா. குளிச்சிட்டு ரிசப்ஷன். ஞாயித்துக்கிழமை முகூர்த்தம், சாப்பாடு, ஒரு மணிக்குக் கிளம்பறோம். திங்கக்கிழமை ஒரு மணிக்கு கிண்டி. மத்தியானம் ஆபீஸ். மொத்த லீவு அரை நாள்!"

மூன்று பேரும் கை தட்டினார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,335-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 56 கிலோமீட்டர்கூட இல்லை. காகிதத்தில் தவறே கண்டுபிடிக்க முடியாது. ஆடிட்டரே கையெழுத்துப் போடுவார். என்னவோ இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரிந்தவர் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபீஸ் வேன் டிரைவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை நெருங்குகிறார். வேனுக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் சென்னை-மும்பை லாரி. இந்த ரோட்டில் எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் நல்ல டீ கிடைக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரிடம் ஆசி வாங்குகிற மாதிரி திட்டத்தை ஒப்பித்தோம். மேப் காட்டினோம். அரை நாள் லீவு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னோம். பர்ச்சேஸ் வண்டியின் குதிரைத்திறன் வரைக்கும் சொல்லி முடித்தார்.

அண்ணன் துணியை உதறி மடித்தார்.

"எல்லாம் சரி தம்பி. யாரு தூங்கறது?"

"என்னண்ணே?"

"யாரு ஓட்டறதுன்னு சொன்னீங்க. யாரு, எங்க, எப்பத் தூங்கறதுன்னு சொல்லலியே."

"தூங்கறதா? நாங்க யங்ஸ்டர்ஸ்ணே. பேசிக்கிட்டே போயிடுவோம்" என்றான் ஐ.டி. பையன்.

"வெள்ளிக்கிழமை காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"ஆறு."

"ஆபீஸ்ல எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டுத்தானே வருவீங்க? ஆறரைக்குக் கிளம்பினா பூந்தமல்லி டிராஃபிக்ல நின்னு, ஆம்பூர்ல பிரியாணியும் சாப்ட்டு, வாணியம்பாடி வர்றப்ப மணி பதினொண்ணு. பெங்களூருக்குள்ள போகாம நைஸ் ரோடு புடிச்சு, துமகூரு தாண்டி சிரா வர்றப்ப மணி மூணு. அந்த மூணு மணிக்கு ஸ்டியரிங் யாரு கையில?"

யாரும் பேசவில்லை. ஐ.டி. பையன் தன் மேப்பில் சிராவைத் தேடினான். அங்கே தின்பதற்கு ஒன்றும் குறிக்காததால் சிராவே இல்லை.

அண்ணன் எங்கள் நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"நானும் என் சிநேகிதனும் ரெண்டு லாரி. எப்பவும் சேர்ந்துதான் போவோம். அன்னிக்கு அவன் முன்னால, நான் பின்னால. சிரா தாண்டினோம். ரோட்டோரமா ஒரு லாரி ஆக்ஸில் உடைஞ்சு நிக்குது. பின்னால கல்லு வெச்சிருக்கான், மரக்கிளை வெச்சிருக்கான். எனக்கே தூரத்துலேர்ந்து தெரியுது. இவன் ஒதுங்குவான், ஒதுங்குவான்னு பாக்கறேன். நேராப் போறான். இண்டிகேட்டர் இல்ல. ஹாரன் இல்ல. நேரா…"

துணியை மறுபடி மடித்தார்.

"இறங்கி ஓடினேன். முதல்ல ரோட்டைத்தான் பாத்தேன். பிரேக் அடிச்ச தடமே இல்ல தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து, "அவன் குடிக்க மாட்டான். என்னைவிட நல்லா ஓட்டுவான். தூங்கறவனுக்கு ஓட்டத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?" என்றார்.

டீ பிரேக் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் பாட்டு லிஸ்ட்டைத் திறக்கவில்லை.

அன்று இரவு நான் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஆட்களைத் தூங்கவிடாமல் விழிக்க வைத்து, கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று சோதித்தார்கள். அதே ஆட்களுக்கு இன்னொரு நாள் மதுவைக் கொடுத்து அதே சோதனை. (இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.) 1997-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் உள்ளவனின் நிதானத்துக்குச் சமம். இருபத்திநாலு மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு உள்ள வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதாவது 0.03. இப்போது அக்கவுண்ட்ஸ் பாஷையில் கூட்டிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவனுக்குப் பதினேழு மணி நேரம் முடிவது ராத்திரி பதினொன்றுக்கு. வாணியம்பாடி. ஒரு சொட்டுகூடத் தொடாமல், வாயில் ஏலக்காய் வாசனையோடு, எங்கள் பர்ச்சேஸ் வாணியம்பாடியிலேயே சட்டப்படி குடிகாரனுக்குச் சமமாகிவிடுகிறார். அதற்கப்புறம் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. வழியில் போலீஸ்காரர் நிறுத்தி மெஷினில் ஊதச் சொன்னால் ஜம்மென்று ஊதிவிட்டுப் போகலாம். தூக்கத்தைப் பிடிக்கிற மெஷின் அவரிடம் இல்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் ஷட்டரை இறக்கிவிடும். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் அரை ஷட்டர். (அரசாங்க ஆபீஸ் பக்கம் அந்த நேரத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லை.) அந்த மூன்று மணிக்கு வருவது பாயைப் போட்டுப் படுக்கிற தூக்கம் இல்லை. இரண்டு செகண்ட், நாலு செகண்ட். கண் திறந்திருக்கும்போதேகூட வரும். வந்தது ஆளுக்கே தெரியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. நாலு செகண்டில் 111 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் நீளம் 20 மீட்டர் சொச்சம். ஐந்தரை பிட்ச் தூரத்துக்கு வண்டியில் டிரைவர் இல்லை.

மறுநாள் அண்ணனிடம் போய், தூக்கம் வராமல் இருக்க லாரிக்காரர்கள் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். வெற்றிலை, புகையிலை, பச்சை மிளகாயைக் கடிப்பது, ஐஸ் தண்ணீரை முகத்தில் அடிப்பது, பாட்டை அலற விடுவது, கண்ணாடியை இறக்குவது. எல்லாம் பார்த்திருக்கிறாராம். "கண்ணாடியை இறக்கினா காத்துதான் உள்ள வரும். தூக்கம் வெளியில போவாது. தூக்கத்துக்கு ஒரே மருந்து தூங்கறது."

இன்னொன்றும் சொன்னார். ஆராய்ச்சிக் கட்டுரையில் இல்லாதது. "அந்தக் காலத்துல சிங்கிள் ரோடு. எதிர்ல வர்றவன் லைட்டைப் போட்டு நம்ம கண்ணைக் குத்திக் குத்தியே முழிக்க வெச்சிடுவான். ஊருக்கு ஊர் மாடு, சைக்கிள், சந்தை. இப்ப ரோடு நல்லாப் போட்டுட்டான். வளைவு இல்ல, குழி இல்ல, எதிர்ல ஆள் இல்ல. தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கு. நல்ல ரோட்டுலதான் தம்பி தூக்கம் வரும்."

நான் போய் அக்கவுண்ட்ஸ் மேஜை மீது இரண்டு எண்களை எழுதி வைத்தேன். 0.03. 0.05. அவர் எதையும் நம்பாவிட்டாலும் தசமப் புள்ளியை நம்புவார்.

புதுத் திட்டம் தயாராயிற்று. இந்த முறை ஊரிலிருந்து தொடங்கவில்லை, தூக்கத்திலிருந்து தொடங்கினோம். இருட்டில் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருத்தர் கையில் ஸ்டியரிங் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் இல்லை. இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டார்கள். தொழிலாகவே ஓட்டுகிறவனுக்கே எட்டு. வாரம் முழுக்க எக்ஸெல் ஓட்டுகிற நமக்கு?

அப்படிப் பார்த்ததில் 1,335 கிலோமீட்டர் மூன்று பகலாகவும் இரண்டு ராத்திரியாகவும் பிரிந்தது. வியாழக்கிழமை விடிகாலை ஐந்துக்குச் சென்னை. முதல் ராத்திரி சித்ரதுர்கா, ஏறக்குறைய 545 கிலோமீட்டர். பொழுதோடு போய்ச் சேர்ந்தால் கோட்டையைக் கீழே இருந்தாவது பார்க்கலாம், மறுநாள் காலையில் ஏறலாம். இரண்டாம் நாள் கோலாப்பூர், 415. மூன்றாம் நாள் மும்பை, 375. தாவணகெரே தோசையும் தார்வாட் பேடாவும் பகலிலேயே வந்து விழுவதால் ஐ.டி. பையனுக்குப் பரம சந்தோஷம். பழைய திட்டப்படி தாவணகெரேயைத் தாண்டும்போது காலை ஐந்து மணி. எந்தக் கடையில் அப்போது கல் காய்ந்திருக்கும்?

இரண்டாம் நாள் சாயந்தரம் பற்றி அண்ணன் தனியாக எச்சரித்தார். நிப்பாணி, கோலாப்பூர் எல்லாம் கரும்பு பூமி. வெட்டு சீசனில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர் மாட்டிக் கரும்பைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னால் லைட் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இருட்டினால் ரோடும் கறுப்பு, கரும்பும் கறுப்பு. ஆகவே ஆறு மணிக்குள் கோலாப்பூர் லாட்ஜ்.

மூன்றாம் நாள் சதாரா தாண்டி கம்பட்கி மலைப்பாதை, அதற்கப்புறம் புனே பைபாஸ். காத்ரஜ் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் நவலே பாலம் வரைக்கும் ரோடு நீளமாகச் சரிகிறது. டீசல் மிச்சம் பிடிக்க லாரிகள் நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் பிடிக்காமல் போவதும் அங்கே வாடிக்கை. 2022 நவம்பரில் ஒரு ராத்திரி ஒரே விபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கே நசுங்கின. அந்தச் சரிவில் முன்னாடியைப் போலவே பின்னாடியும் பார்த்து ஓட்ட வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே. 2002-ல் முழுசாகத் திறந்தது, 94 கிலோமீட்டர் சொச்சம், ஆறு வழி. பைக், ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. பைக்கில் போக நினைக்கும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அவர்களுக்குப் பழைய ரோடுதான்.

மற்ற ஏற்பாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியிலும் பார்க்க வேண்டும். (பர்ச்சேஸ் காரின் ஸ்டெப்னி, வாங்கிய நாளிலிருந்து சூரியனைப் பார்த்ததில்லை.) ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று டோல்கேட்டுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் பார்ப்பது புத்திசாலித்தனம், டோல்கேட்டில் பார்ப்பது பின்னால் இருப்பவர்களின் மொழிவளத்தைச் சோதிப்பது. தேசிய நெடுஞ்சாலையில் அவசரமென்றால் 1033. வண்டி நின்றுபோனால் நாலு பக்க லைட்டையும் போட்டுவிட்டு, ஆட்கள் வண்டிக்குள் உட்காராமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட் என்பது தூங்குகிற சீட் அல்ல. தூங்க வேண்டுமென்றால் பின்சீட். கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஓட்டுகிறவருக்கு ஞாபகம் இல்லையென்றால், பங்க்கோ ஓட்டலோ பார்த்து நிறுத்தி, ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் கண்ணை மூட வேண்டும். காபி வேலை செய்யத் தொடங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். இரண்டும் சேர்ந்து எழுப்பிவிடும். இதை நான் ஆபீஸிலேயே பரீட்சை செய்து பார்த்தேன். மேனேஜரும் சேர்ந்து எழுப்பினார்.

மேனேஜர் என்றதும் ஞாபகம் வருகிறது. லீவு.

போக வியாழன், வெள்ளி. வர திங்கள், செவ்வாய், புதன். ஆளுக்கு ஐந்து நாள். அரை நாளாக இருந்தது பத்து மடங்காகிவிட்டது. அக்கவுண்ட்ஸ் ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, தன் ஐந்து நாள் சம்பளத்தைவிட விமான டிக்கெட் மலிவு என்று கண்டுபிடித்தார். அவர் சனிக்கிழமை மத்தியானம் பறந்து வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பறந்து போகிறார். "பெட்ரோல் பங்கு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். பாக்கி மூன்று பேர் ஆன்லைனில் லீவு போட்டோம். காரணம் என்ற கட்டத்தில் நானும் பர்ச்சேஸும் 'நண்பர் திருமணம்' என்று நிரப்பினோம். ஐ.டி. பையன் நேர்மையானவன். 'வழியில் தூங்குவதற்கு' என்று போட்டுவிட்டான்.

பத்தாவது நிமிஷம் மூன்று பேருக்கும் அழைப்பு.

"என்னய்யா இது? ஆபீஸ்ல தூங்கறது பத்தலையா?"

நான்தான் பேசினேன். வாணியம்பாடி, சிரா, 0.05 எல்லாம் சொன்னேன். அண்ணனின் சிநேகிதன் கதையையும் சொன்னேன். மேனேஜர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜை மீதிருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ராத்திரியில ஓட்டினா எத்தனை நாள் மிச்சமாகும்?"

"நாலரை நாள் சார்."

"நாலரை நாள். அதுக்கப்புறம் மூணு போஸ்ட்டுக்கு விளம்பரம் குடுத்து, இன்டர்வியூ வெச்சு, வர்றவனுக்கு வேலை கத்துக் குடுத்து…" என்று இழுத்தார். பேப்பர் வெயிட் நின்றது. "மூணு பேரும் ஒரே நேரத்துல போன்ல கிடைக்காம இருக்கக் கூடாது. ஓட்டறவன் போனை எடுக்கவும் கூடாது. போயிட்டு வாங்க."

ஐந்து நாளும் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் கல்யாணத்துக்கு மொய் மட்டும் ஜீ-பேயில் போயிருக்கும். அதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தோம், பர்ச்சேஸ் உள்பட.

சாயந்தரம் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். காலை ஐந்துக்குக் கிளம்பி, பெங்களூரை நைஸ் ரோட்டில் சுற்றிக்கொண்டு, ஒன்றரை மணிக்குக் கியாத்சந்திரா, தட்டு இட்லி, மூன்று மணிக்குச் சிரா.

"பகல் மூணு மணிதானே?"

"ஆமாண்ணே. நல்ல வெளிச்சம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பர்ச்சேஸைப் பார்த்து, "பகல் மூணும் லேசுப்பட்டது இல்ல தம்பி. ஓட்டறவரு இட்லி ரெண்டோட நிறுத்திக்கணும்" என்றார்.

"அண்ணே, அது ஒண்ணொண்ணும் தட்டு சைஸ்ணே!"

"அப்ப ஒண்ணு."